சுட்டவருக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே

2018 மே 22, தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது. அன்றே திரேஸ்புரத்திலும், மறுநாள் அண்ணா நகரிலும் தோட்டாக்கள் பாய்ந்தன. மொத்தம் 13 பேர் உயிரிழந்தார்கள். சாதாரண உடையில் வேன் கூரைமேல் ஏறி ரைபிளால் குறிபார்த்த காவலரை நாடே டிவியில் பார்த்தது. அந்தச் சாவுகளுக்காக இதுவரை எந்தக் காவலரும் தண்டிக்கப்படவில்லை.

‘சாட்சி இருக்கிறது, வீடியோ இருக்கிறது, அப்புறம் ஏன் வழக்கு நகரவில்லை?’ என்று பலரும் கேட்கிறார்கள். சட்டம் போலீசுக்கு இஷ்டத்துக்குச் சுடும் உரிமையைக் கொடுத்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படிக் கொடுக்கவில்லை. சிக்கல் சுட்டதற்குப் பிறகு வரும் நடைமுறைகளில் இருக்கிறது.

முதலில், எப்போது சுடலாம் என்பதைப் பார்த்துவிடுவோம். உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கும் எனக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் காவலருக்கும். கைது செய்யப் போகும் இடத்தில் ஒருவர் எதிர்த்தாலும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவர் என்றால், அவர் உயிரைப் பறிக்கும் உரிமையைக் கைது செய்யும் அதிகாரம் தராது. கூட்டத்தைக் கலைப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 129. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148. நிர்வாக நடுவரோ, உதவி ஆய்வாளருக்குக் குறையாத காவல் அதிகாரியோ கலைந்து போகச் சொல்ல வேண்டும். போகாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். எந்த வரிசையில் என்பதைக் காவல்துறையின் நிலையாணைகள் சொல்கின்றன: ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி. துப்பாக்கி கடைசி. அப்போதும் தெளிவாக எச்சரித்துவிட்டு, தாழக் குறிவைத்து, முடிந்த அளவு குறைவாகச் சுட்டு, கூட்டம் கலைந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

தூத்துக்குடியில் இது நடந்ததா என்று விசாரித்தது ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம். அதன் இறுதி அறிக்கை 2022 மே 18 அன்று அரசிடம் தரப்பட்டு, அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆத்திரமூட்டல் ஏதும் இல்லாமல் சுடப்பட்டது, எச்சரிக்கைப் படிகள் முறைப்படி பின்பற்றப்படவில்லை, ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்றபடி தப்பி ஓடியவர்களைக் காவலர்கள் சுட்டார்கள் என்றெல்லாம் அது பதிவு செய்தது. ஐ.ஜி.யில் தொடங்கிக் காவலர் வரை 17 பேர்மீதும், அன்றைய ஆட்சியர்மீதும், சுட உத்தரவிட்ட வருவாய்த்துறையினர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. சம்பவத்தை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அன்றைய முதல்வர் சொன்னதையும் ஆணையம் ஏற்கவில்லை.

இந்த அறிக்கையில் என்னை உலுக்கிய தகவல் ஒன்று உண்டு. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் மொத்தம் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார். இப்படிப்பட்ட கணக்கு காவல்துறைக்குப் புதிதல்ல. ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கி வெளியே போகும்போது அதன் எண், வாங்கியவர் பெயர், கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் ஏறும். திரும்பி வரும்போது மிச்சத் தோட்டாவும் காலி உறையும் எண்ணி வாங்கப்படும். யார் எத்தனை முறை சுட்டார் என்பது அன்றிரவே அந்தத் துறையின் காகிதத்தில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். வெளியே இருக்கும் நமக்கு அது தெரிய நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

இவ்வளவு கண்டுபிடித்த ஆணையத்தால் ஒருவரையும் கூண்டில் ஏற்ற முடியாது. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அது தருவது பரிந்துரை மட்டுமே. அரசு ஏற்கலாம், விடலாம். ஆறு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை என்ற குறிப்புடன் அவையில் வைத்தால் போதும். அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு இன்னும் கவனிக்கத்தக்கது. ஆணையத்தின் முன் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர, வேறெந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ‘ஆமாம், நான்தான் சுட்டேன்’ என்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தாலும் கொலை வழக்கில் அது அவர்மேல் பாயாது. எல்லாவற்றையும் குற்றப் புலனாய்வு முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். துப்பாக்கிச்சூடு நடந்ததும் ஆணையம் அமைக்கிறார்கள் என்றால் நீதிக்கான முதல் படி என்று நாம் நம்பிவிடுகிறோம். பல நேரம் அது ஊர்க் கோபம் ஆறும்வரை கிடைக்கும் அவகாசம். 1999-இல் திருநெல்வேலி தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் செத்தபோதும் ஆணையம் வந்தது. 2011-இல் பரமக்குடியில் தலித் மக்கள்மீது சுட்டபோதும் வந்தது. அந்தத் துப்பாக்கிச்சூடு நியாயமே என்று அறிக்கை தந்துவிட்டுப் போனது.

அப்படியானால் குற்ற வழக்கு? சுட்டதும் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் கூட்டத்துக்கு எதிரானது. கல்லெறிந்தார்கள், தீ வைத்தார்கள், கொல்ல முயன்றார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று ஓர் அதிகாரியே புகார் கொடுப்பார். இறந்தவரின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் போய்விடும். தூத்துக்குடியிலும் வழக்குகள் மக்கள்மீதுதான் குவிந்தன. அவற்றில் பலவற்றை 2021-இல், ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகுதான் அரசு திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 ஆகஸ்டிலேயே விசாரணையை சிபிஐக்கு மாற்றியிருந்தது. அந்த சிபிஐ காவல்துறைத் தரப்பில் குற்றம் சாட்டியது ஒரே ஓர் ஆய்வாளரை. ஆணையத்தின் பட்டியலில் 17 பேர். தேசிய மனித உரிமை ஆணையமோ, தானாக எடுத்த வழக்கை 2018 அக்டோபரிலேயே மூடிவிட்டது.

இதையெல்லாம் தாண்டினாலும் ஒரு பூட்டு இருக்கிறது. அரசின் முன்அனுமதி. அரசு அனுமதி இல்லாமல் நீக்க முடியாத பதவியில் இருக்கும் ஊழியர் கடமையின்போது செய்த செயலுக்காக அவர்மீது வழக்கு நடத்த வேண்டுமானால், அரசு ஒப்புதல் தர வேண்டும். பழைய 197, இப்போது 218. இது பலருக்கும் தெரியும். கூட்டத்தைக் கலைக்கும்போது செய்ததாகச் சொல்லப்படும் செயல்களுக்கு இன்னொரு தனிப் பூட்டு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழைய 132, இப்போது 151. இதில் ஐ.பி.எஸ்., கான்ஸ்டபிள் என்ற வேறுபாடு இல்லை. யாராக இருந்தாலும் மாநில அரசு அனுமதிக்காமல் நீதிமன்றம் வழக்கைத் தொட முடியாது. எந்த அரசின் காவல்துறை சுட்டதோ, அந்த அரசிடமே போய் அனுமதி கேட்க வேண்டும்! இந்தச் செயல் கடமைக்குள் வருமா, வராதா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு கீழமை நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போய் வரலாம். அதற்குள் அதிகாரி பதவி உயர்வு பெற்று ஓய்வும் பெற்றிருப்பார்.

சாத்தான்குளத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார்கள். அங்கே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதித்துறை நடுவர் நேரே நிலையத்துக்கே போய் விசாரித்தார். நிலையத்தையே வருவாய்த்துறையின் கையில் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். சில நாட்களிலேயே கைதுகள் நடந்தன. பிறகு ஒன்பது பேர்மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. காவல் மரணத்துக்கு நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது. லாக்கப்பில் அடிப்பது கடமை என்று வாதிடுவதும் கடினம். கூட்டத்தில் சுடுவதைக் கடமை என்று வாதிடலாம். அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது.

மேலதிகாரி சொன்னார், நான் சுட்டேன் என்பது காவலருக்குக் கவசமாகாது என்று 2011-இல் ஒரு போலி என்கவுன்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. என்கவுன்டர் மரணங்களில் சம்பந்தப்பட்ட நிலையம் விசாரிக்கக் கூடாது, ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும், சம்பவம் முடிந்த கையோடு பதக்கமும் பதவி உயர்வும் தரக் கூடாது என்று 2014-இல் விதிமுறைகளும் வகுத்தது. நல்ல விதிகள். தூத்துக்குடி போன்ற கூட்டத் துப்பாக்கிச்சூட்டுக்கும் இதே கண்டிப்புடன் ஒரு நடைமுறை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆணைய அறிக்கை அவைக்கு வந்தபின் ஆய்வாளர் ஒருவரும் காவலர்கள் மூவரும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். சஸ்பெண்ட் என்பது தண்டனை அல்ல. இறந்தவர் குடும்பத்துக்குத் தரும் இழப்பீடும் சுட்டவர் பையிலிருந்து போவதில்லை, நம் வரிப்பணம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டம் ஒரு வழியைத் திறந்து, ஒன்றைக் குறுக்கியிருக்கிறது. 218-ஆம் பிரிவின்கீழ் அனுமதி கேட்டு 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். கூட்டத் துப்பாக்கிச்சூட்டுக்கான 151-இல் அப்படிக் கெடு எதுவும் இல்லை. அதோடு, அரசு ஊழியர்மீது யாராவது நேரடியாக நடுவரிடம் புகார் கொடுத்தால், அவருடைய மேலதிகாரியிடமிருந்து அறிக்கை வாங்கி, அந்த ஊழியர் தரப்பையும் கேட்ட பிறகே நடுவர் வழக்கை ஏற்க வேண்டும் என்கிறது 223. புலனாய்வு அமைப்பின் இறுதி அறிக்கை ஏற்கத்தக்கதல்ல என்று ஆட்சேபித்து நீதிமன்றத்தில் மனுப் போடும் உரிமை மட்டும் குடும்பத்துக்கு அப்படியே இருக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயர்லெஸ் பதிவு, சுட உத்தரவிட்ட தாள், ஆயுதக் கிடங்கின் தோட்டாப் பதிவேடு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த உத்தரவிடும்படி நடுவரையோ உயர் நீதிமன்றத்தையோ முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. வயர்லெஸ் பதிவுகள் நெடுநாள் வைக்கப்படுவதில்லை.