பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் போகிற நேயர்களுக்கு மணியாச்சி ஜங்ஷன் புதிதல்ல. கரிசல் காட்டின் நடுவே இருக்கும் அந்த ஸ்டேஷனின் பெயர்ப் பலகையில் இன்று 'வாஞ்சி மணியாச்சி' என்று எழுதியிருக்கிறது. 1911-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி காலையில் திருநெல்வேலி ஜில்லாக் கலெக்டர் ஆஷ் துரை தம் மனைவியுடன் அங்கே முதல் வகுப்பு வண்டியில் அமர்ந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த தம் குழந்தைகளைப் பார்க்கப் புறப்பட்டவர், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். (அக்காலத்தில் கொழும்புக் கப்பலுக்குரிய போட் மெயில் தூத்துக்குடியிலிருந்துதான் புறப்பட்டது, தனுஷ்கோடிக்கு அது மாறியது 1914-ல்.) செங்கோட்டை வாஞ்சிநாதன் என்னும் 25 வயது வாலிபர் வண்டியருகே வந்தார், கைத்துப்பாக்கியை எடுத்துக் கலெக்டரைச் சுட்டார், பிறகு பிளாட்பாரத்திலிருந்த கழிப்பறைக்குள் சென்று தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார்.

இந்தச் சரித்திரத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணாக்கர்கள் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஸார், அத்தனை ஜனம் நடமாடும் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒருவர் கண்ணிலும் படாமல் எப்படிக் கொண்டுபோனார்?" கேள்வி நியாயமானதே. நாடகங்களிலும் காலண்டர் படங்களிலும் முழங்கை நீளத்துக்கு ஒரு ரிவால்வரை வாஞ்சியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதை வேஷ்டி மடிப்பில் மறைக்க யாராலும் முடியாது.

மணியாச்சியில் வெடித்தது ரிவால்வர் அல்ல. பெல்ஜியம் தேசத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமாட்டிக் பிஸ்டல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய, பள்ளிக்கூடப் பையன்களின் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஒன்று போதும். பிரிட்டிஷ் ராணுவம் 1915 முதல் வழங்கிய வெப்ளி ஆறாம் மாதிரி ரிவால்வரை அதன் மேல் வைத்தால் ஏறக்குறைய கோல் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்: நீளம் 286 மில்லிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரத் தொழிற்சாலை 1900-ல் வெளியிட்ட பிரௌனிங்கோ 172 மில்லிமீட்டர்தான். எடை சுமார் 625 கிராம். அதே தொழிற்சாலையின் 1903-ம் வருஷத்து மாதிரி ராணுவத்துக்கென்று செய்யப்பட்டது. 205 மில்லிமீட்டர் நீளமும் 900 கிராமுக்கு மேற்பட்ட எடையும் உடையது. 1906-ல் வந்த குட்டி மாதிரியோ 114 மில்லிமீட்டர், சுமார் 350 கிராம். நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையில்கூட அது அடங்கிவிடும்.

நீளத்தையும் எடையையும் மட்டும் பார்ப்பவர்கள் முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மறைத்து வைப்பதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் கனமே. கனம் என்று நாம் இங்கே சொல்வது பாரத்தை அல்ல, தடிமனை. ரிவால்வரில் ஆறு தோட்டாக்களும் ஒரு சக்கரத்தைச் சுற்றி அமைந்திருக்கின்றன. அந்தச் சக்கரம் துணிக்கு வெளியே புடைத்துக்கொண்டு உடையவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துத் துப்பாக்கிக் கொல்லரின் மகனான ஜான் பிரௌனிங், தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கைப்பிடிக்குள்ளேயே வைத்துவிட்டார். ஆகவே அவருடைய ஆயுதம் வெற்றிலைப் பெட்டியைப் போலத் தட்டையாயிற்று. 1900-ம் வருஷத்து மாதிரி லட்சக்கணக்கில் விற்றதற்கு இதுவே காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

சிறியதாக இருப்பதற்கு விலையும் உண்டு. 1900-ம் வருஷத்து பிரௌனிங்கின் குண்டு சுமார் நாலரை கிராம். குட்டி மாதிரியின் குண்டு மூன்று கிராமுக்குச் சற்று மேல். வெப்ளியின் குண்டோ 17 கிராம். குழல் குட்டையானால் குறி பார்க்கும் இடைவெளியும் குறையும். ஆயுதம் லேசானால் சுடும்போது கை அதிகமாக உதறும். பத்தடி தூரத்துக்கு அப்பால் பழக்கமில்லாதவன் கையில் அது வெறும் வெடிச் சத்தந்தான். வாஞ்சிநாதன் முன்னரே புதுச்சேரிக்குப் போய் வ. வே. சு. ஐயரிடம் சுடப் பழகியது வீணாகச் செய்த காரியமல்ல. ஐயர் 1910-ல் புதுச்சேரி சேர்ந்தவர். அது பிரெஞ்சு மண்ணாகையால் பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவரென்று நாம் போற்றும் கை இதிலும் தேர்ந்திருந்தது.

அந்த ஆயுதச் சட்டம் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-ல் பிறந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம், ஐரோப்பியனுக்கோ விலக்கு. இந்த நிலையில் சிறிய பிஸ்டல் தேச பக்தர்களில் ஒரு சாராருக்கு வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1909-ல் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையற்காரராக இருந்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் கள்ள அடித்தட்டில் 20 பிரௌனிங்குகளை வைத்து பம்பாய்க்குக் கொண்டு வந்தார். அனுப்பியவர் சாவர்க்கர். அவ்வருஷம் டிசம்பர் 21-ந் தேதி நாசிக் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்ஸன் மாண்டது அவற்றுள் ஒன்றினால். ரிவால்வர்கள் 20 என்றால் அந்தப் பெட்டியைத் தூக்கும் கூலியாளே சந்தேகித்திருப்பான்.

ஆஷ் துரையின் மீது தென்பாண்டிச் சீமைக்கு இருந்த கோபம் தூத்துக்குடியில் விளைந்தது. அவர் அங்கே சப்-கலெக்டராக இருந்த 1908-ல்தான் கோரல் மில் வேலை நிறுத்தம் நடந்தது; சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். கொற்கை முத்தும் சங்கும் ஏற்றிப்போன கடலில் சொந்தக் கப்பல் விட்டதற்கு அவர் பெற்ற வெகுமதி இரட்டை ஆயுள் தண்டனை! அப்பீலில் அது குறைந்தது. அந்தக் கோபத்தை நாம் உணர்கிறோம். ஆயினும் மணியாச்சிக் குண்டினால் நேர்ந்தது என்ன? நீலகண்ட பிரம்மச்சாரி முதலிய 14 பேர் மீது சதி வழக்கு. நீலகண்டருக்கு ஏழு வருஷம் கடுங்காவல். பிடிபடுமுன் இருவர் தற்கொலை. ரயில் வண்டியில் கணவன் சாய்வதைக் கண்ட மனைவியையும் கொடைக்கானலில் காத்திருந்த குழந்தைகளையும் மறந்துவிட்டு இந்தக் கணக்கை எழுத நமக்கு மனம் வரவில்லை.

1948 ஜனவரி 30-ந் தேதி காந்தியடிகளின் மேல் பாய்ந்த மூன்று குண்டுகளும் இத்தகைய பைத் துப்பாக்கியிலிருந்து வந்தவையே. இத்தாலிய பெரெட்டா, 1934-ம் வருஷத்து மாதிரி: நீளம் 152 மில்லிமீட்டர், எடை 660 கிராம். பத்து நாளுக்கு முன்பே பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு வெடி வெடித்திருந்தது. வருகிறவர்களைச் சோதனையிட அனுமதி கேட்டபோது மகாத்மா மறுத்துவிட்டார். கைகூப்பி வணங்க வருகிறவனின் ஜேபியைத் தடவிப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த ஆடையின் ஒரு பகுதி மதுரைக் காந்தி மியூசியத்தில் இருக்கிறது. மணியாச்சியில் ரயிலேறினால் சில மணி நேரப் பிரயாணந்தான்.

இப்பொழுது நம் நாட்டிலேயே கைத்துப்பாக்கி செய்கிறார்கள். 2014-ல் கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்மணிகளுக்கென்று விளம்பரம் செய்து வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம், ஆறு தோட்டா, அப்போதைய விலை ஒரு லட்சத்துக்கு மேல். கைப்பையில் அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம் இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஆபத்து வேளையில் சாவிக்கொத்தையும் மூக்குக் கண்ணாடியையும் விலக்கி அதைத் தேடி எடுப்பதற்குள் என்ன நடந்திருக்கும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. வாங்க விரும்புகிறவர் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி மனுச் செய்யவேண்டும். போலீஸ் விசாரணைக்குப் பின் லைசென்ஸ் தருகிறவர் ஜில்லாக் கலெக்டர்.