திருக்கோணமலைக் கடலில் இரு தளபதிகள்

பிரெடறிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிச் செல்லாதார் நம்மில் எவருமிலர். அக்கோட்டையின் மேல் 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இருமுறை கொடி மாறியது என்பதை நினைப்பவர் சிலரே. ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கொடி. சனவரியில் ஆங்கிலேயர் கொடி. ஆகஸ்டு முடிவில் பிரெஞ்சுக்காரர் கொடி. இம்மாற்றங்களை விளைத்த இரு கடற்றளபதிகளுள் வல்லவர் யாவர் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒருவர் ஆங்கிலேயரான சேர் எட்வேட் ஹியூஸ். மற்றவர் பிரெஞ்சுக்காரரான சுப்ரேன். இவ்விருவரும் 1782, 1783ஆம் ஆண்டுகளில் ஐந்து முறை கடலிற் பொருதனர். சதுரங்கப்பட்டினம், நாகபட்டினம், கூடலூர் ஆகியவற்றின் எதிரே மூன்று போர்கள். ஏனைய இரண்டும் நம் கிழக்குக் கரையோரத்தில். ஐந்திலும் எந்தப் பக்கத்தாரும் போர்க்களத்தில் ஒரு பெருங் கப்பலையேனும் பகைவரிடம் பறிகொடுத்திலர் என்பது வியப்பே.

இத்துறைமுகத்துக்காக ஏன் இத்துணைப் போராட்டம்? சென்னை அக்காலத்தில் திறந்த கடலே. வாடைக்காற்று எழும் ஐப்பசியில் அங்கே நங்கூரமிட்டு நிற்றல் அழிவைத் தேடுவதாகும். திருக்கோணமலை கைவிட்டுப் போனமையால், ஹியூஸ் தம் கப்பல்களைப் பழுதுபார்க்கப் பம்பாய் வரை செல்ல நேர்ந்தது.

போர்த்திறத்தில் சுப்ரேனே மேம்பட்டவர் என்பது எம் துணிபு. கப்பல்கள் ஒரே வரிசையில் நின்று எதிர்வரிசையுடன் பீரங்கிக்குப் பீரங்கி பொருதுவதே அக்கால மரபு. ஹியூஸ் அம்மரபின் வழுவாதவர். சுப்ரேனோ பகைவர் வரிசையின் ஒரு பகுதியைத் தம் பெரும்பலத்தால் நெருக்க முயன்றார். அதனினும் மேலாக நாம் போற்றுவது அவரது விரைவையே. தமக்கெனத் துறைமுகமொன்று இல்லாத நிலையில், மட்டக்களப்பிலும் கூடலூரிலும் நங்கூரமிட்டு, சிறு கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெருங் கப்பல்களில் நாட்டினார். ஹியூஸ் சென்னையில் ஆயத்தமாகிக்கொண்டிருக்கையில் சுப்ரேன் இங்கு வந்து படைகளை இறக்கினார். கோட்டைகள் விரைவிற் பணிந்தன. சரணடைந்தோரைச் சென்னைக்கு அனுப்பவும் அவர் தயங்காமல் இசைந்தார். அந்த இசைவின் பயன் செப்டெம்பர் 2ஆந் திகதி தெரிந்தது. அன்றே ஹியூஸின் கப்பல்கள் கண்ணுக்குத் தென்பட்டன!

மறுநாட் போர் சுப்ரேனின் குறையையும் காட்டியது. அவரிடம் பதினான்கு கப்பல்கள், ஹியூஸிடம் பன்னிரண்டு. எனினும் சுப்ரேனின் கப்பலோடு இரண்டொன்றே ஆங்கிலேயரின் நடுவணியை நெருங்கிப் பொருதன. ஏனைய கப்பற்றலைவர்கள் எட்டவே நின்றனர். அவரது கப்பலின் நடுப்பாய்மரம் கொடியோடு சாய்ந்தது. பகைவர் வெற்றி முழக்கமிட, உள்ள கொடிகளையெல்லாம் கப்பலைச் சுற்றிலும் கட்டுமாறு சுப்ரேன் கூவினார். வீரம் அது, ஆயினும் தம் கீழுள்ளோரைத் தம்வழி நிற்கச் செய்யும் வன்மை அவருக்கு வாய்த்திலது. கடுஞ்சொல்லால் அவர்களைப் பகைத்துக்கொண்டார். ஹியூஸின் தலைவர்களோ அவரை ஒருபோதும் கைவிட்டதில்லை. மந்தமானவர் என்று ஹியூஸை இகழ்வோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

வள்ளுவர் அரணுக்கும் படைக்கும் நட்புக்கும் வேறு வேறு அதிகாரம் வகுத்தார். நட்பு என்னும் துறையில் சுப்ரேன் ஐதரலியை 1782 யூலையில் கூடலூரருகே நேரிற் கண்டு உறவை உறுதி செய்தார். ஆங்கிலேயரும் வாளாவிருந்திலர். சென்னைத் தேசாதிபதி மக்காட்னி அனுப்பிய ஹியூ பொயிட் என்பார், கோட்டை பிடிபட்ட சில வாரங்களில் இங்கிருந்து காட்டுவழியே கண்டிக்குச் சென்றார். புதிதாக முடிசூடியிருந்த இராசாதிராசசிங்கன் அவரை உபசரித்தான்; உடன்படிக்கைக்கோ இசைந்திலன். 1762இல் சென்னையிலிருந்து வந்த பைபஸ் என்னும் தூதுவரின் பேச்சு பயனின்றி முடிந்ததைக் கண்டி மறந்திலது. இங்கிலாந்து மன்னரே நேரில் தொடர்புகொள்ளட்டும் என்பது அவன் விடை. பொயிட் திரும்பும் வழியிற் கடலில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். அரசியல் நுட்பத்தில் அவ்விளம் மன்னன் இரு தளபதிகளுக்கும் இளைத்தவனல்லன் என்றே கூறுவோம். ஆனால் நுட்பத்தைத் தாங்கக் கப்பல் வேண்டுமே; 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமாகியிருந்தது.

1783 யூனில் கூடலூரெதிரே பதினைந்து கப்பல்களுடன் ஹியூஸின் பதினெட்டையும் சுப்ரேன் விலகச் செய்து, முற்றுகையிடப்பட்டிருந்த அந்நகரைக் காத்தார். சில நாட்களுள் சமாதானச் செய்தி எட்டியது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களின்படி திருக்கோணமலை ஒல்லாந்தருக்கே மீண்டது. அவர்களது நாகபட்டினத்தை ஆங்கிலேயர் தமக்கென வைத்துக்கொண்டனர். அம்மேசையில் கண்டியின் தூதுவர் எவரும் அமர்ந்திலர்.