பொதிகளாய் வரும் படம்

சிவகாசிப் பட்டாசுகள் பெட்டிகளில் அடைக்கப்பெற்றுப் பல ஊர்களுக்குச் செல்கின்றன. மேலொட்டிய சீட்டைக் கண்டே பெட்டி எவர்க்குரியதென அறிவர். உயர்தெளிவுத் தொலைக்காட்சியும் இவ்வாறே இயங்குகிறது. படமும் ஒலியும் எண்களாகச் சுருக்கப்பெற்று, 188 பைட்டு கொண்ட சிறு பொதிகளாகப் பிரிக்கப்பெறுகின்றன. ஒவ்வொரு பொதியிலும் முதல் 4 பைட்டுகளே சீட்டாகும். எந்த நிகழ்ச்சியின் படம், எதன் ஒலி எனக் காட்டும் அடையாள எண்ணும் வரிசை எண்ணும் அதில் உள. பல அலைவரிசைகளின் பொதிகள் கலந்து வரினும், விருதுநகர் வீட்டிலுள்ள பெறுகருவி வேண்டியவற்றையே தேர்ந்தெடுக்கும்.

பெட்டி சிதைந்தால் வணிகர் வேறு கேட்டுப் பெறலாம். ஒளிபரப்பிலோ பொதியை மீண்டும் கேட்டல் இயலாது. ஆதலின் காப்பும் உடன் வருகிறது. தூர்தர்ஷன் 2004-இல் தொடங்கிய செயற்கைக்கோள்வழி வீட்டு ஒளிபரப்பில், பொதிதோறும் 16 பைட்டுகள் கூடுதலாகச் சேர்க்கப்பெற்றன. 8 பைட்டு வரை நேரும் பிழையை அவை திருத்தும். பெருமழையால் பிழை அவ்வெல்லையைக் கடப்பின், படம் கட்டங்கட்டமாகச் சிதறும்.