பாட்டு யார் கணக்கில்?

வீட்டுப் பரண்மேல் பழைய 'கிராமியப் பாடல்கள்' காஸெட் ஏதாவது கிடந்தால் எடுத்துத் தூசு தட்டுங்கள். பாட்டுக் கேட்க வேண்டாம், டேப் ரிக்கார்டருக்கு எங்கே போவது? உள்ளே மடித்து வைத்திருக்கும் அட்டையை மட்டும் படியுங்கள். கீ-போர்டு வாசித்தவர் பேர் இருக்கும். தபேலாக்காரர் இருப்பார். ரிக்கார்டிங் தியேட்டர், அட்டை டிஸைன், தயாரிப்பாளர், அவருடைய குலதெய்வம் எல்லாம் இருக்கும். 'பாடல்' என்ற இடத்துக்கு வாங்க. பெரும்பாலும் 'நாட்டுப்புறம்' என்று ஒரே ஒரு வார்த்தை!

யார் சார் இந்த நாட்டுப்புறம்? எந்த ஊர்? ரேஷன் கார்டு உண்டா? இத்தனை ஆயிரம் பாட்டுக் கட்டின மனுஷன் ஒரு தடவைகூட மேடையேறி மாலை வாங்கிக்கலையே, ஏன்?

கிராமத்துப் பாட்டு மானத்திலிருந்து விழுவதில்லை. மெட்டு பழசாக இருக்கும். எல்லா ஊருக்கும் பொது. ஆனால் நாற்று நடும்போது முதலில் எடுத்துக் கொடுக்கிற அம்மா இருக்கிறாரே, அவர் அன்றைக்கு வரப்பில் நிற்கிற பண்ணையாரின் குடையையும், கூலி குறைத்த கணக்குப்பிள்ளையையும் அந்த மெட்டில் ஏற்றிவிடுவார். ஒப்பாரியில் செத்தவரின் வெற்றிலைப் பெட்டியும் வரும், பாகப்பிரிவினையும் வரும். பேப்பர், பேனா எதுவும் கிடையாது. வாயிலேயே எழுதி, வாயிலேயே திருத்தி, அங்கேயே ரிலீஸ்! மேல்நாட்டில் இப்படித் தானே கட்டித் தானே பாடுகிறவருக்குத் தனி மரியாதை. நம்ம ஊரில் அவர் பேர் 'கூலிக்காரி'.

கொல்லங்குடிப் பாட்டி

1985-ல் 'ஆண்பாவம்' படம் வந்தபோது தமிழ்நாடே ஒரு பாட்டியைப் பார்த்துச் சிரித்தது. கொல்லங்குடி கருப்பாயி. பாண்டியராஜன் டைரக்‌ஷன், இளையராஜா மியூஸிக். அதில் பாட்டியும் தன் சொந்தக் குரலில் பாடினார். நிறையப் பேர் அவரைச் சினிமாப் பாட்டி என்றே நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அதற்கு முன்பே வானொலி நேயர்களுக்கு அவர் குரல் பழக்கம். கொல்லங்குடி, வெட்டுடையார் காளியம்மன் கோயிலுக்குப் பேர்போன ஊர். அதே 1985-ல் ராமநாதபுரம் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது ஊர் சிவகங்கைப் பக்கம் போனது.

1993-ல் 'கலைமாமணி' கொடுத்தார்கள். 2025 ஜூனில், நூறை எட்டிப் பிடிக்கிற வயதில் காலமானார். விருது இருந்தது, புகழ் இருந்தது. ஆனால் முதுமையில் பணக் கஷ்டத்தில் இருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின.

மாரந்தை வாத்தியார்

கருப்பாயி மாதிரி பாடகர்களைத் தேடிப் பிடித்து வெளியுலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் கே.ஏ.குணசேகரன். இளையான்குடி பக்கம் மாரந்தையில் 1955-ல் பிறந்தவர். அதுவும் அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லாதான். நாட்டுப்புறப் பாட்டில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மைக்கைப் பிடித்தால் புரொபஸர் காணாமல் போய்விடுவார், மாரந்தைக்காரர் வந்துவிடுவார். இன்குலாபின் 'மனுசங்கடா' இவர் தொண்டையில்தான் ஊர் ஊராகப் போனது. 'சந்திரமுகி'யில் பாடிப் பேர் வாங்கிய சின்னப்பொண்ணும் இவர் குழுவில் பாடியவர். 2016 ஜனவரியில் மறைந்தார்.

2005-ல் அவர் எழுதிய 'வடு' தமிழின் முதல் தலித் தன்வரலாறு என்று சொல்லப்படுகிற புத்தகம். எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கடையில் எப்படி டீ குடிக்கலாம் என்பதையெல்லாம் ஜாதி முடிவு செய்த சீமையை அதில் பார்க்கலாம். படித்துவிட்டு மறுபடி அந்தக் காஸெட் அட்டைக்கு வாங்க. வயலில் பாடியது யார்? சாவு வீட்டில் பறையடித்தது யார்? பெயர் போடாமல் விடுவது மறதி மட்டும்தானா? சில பேரைச் சபையில் சொல்லிப் பழக்கமே இல்லாத ஊரில் அது ரொம்பச் சுலபமாக விட்டுப்போகும்.

அமெரிக்காவிலும் அதே கதை

'கன்ட்ரி மியூஸிக்' என்று அமெரிக்கர்கள் கொண்டாடுகிறார்களே, அதுவும் பட்டிக்காட்டுப் பாட்டுத்தான். 1927-ல் ரால்ஃப் பியர் என்ற ரிக்கார்டு கம்பெனி ஆள் ரிக்கார்டிங் மெஷினோடு பிரிஸ்டல் என்ற சின்ன ஊருக்குப் போய், ஒரு பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் கடை விரித்தார். பாட்டுக்கு 50 டாலர் என்றதும் மலைக்காட்டு ஜனங்கள் கிடாரோடு கிளம்பி வந்தார்கள். அப்படி வந்ததுதான் கார்ட்டர் குடும்பம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பாடினார்கள், அமர்களமாக விற்றது.

அடுத்த ரிக்கார்டுக்குப் பாட்டு வேண்டுமே? ஏ.பி.கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார். கூடவே போனவர் லெஸ்லி ரிடில், ஒரு காலை இழந்த கறுப்பினக் கிடார்க்காரர். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மெட்டை? ரிடில் மண்டையில் ஏற்றிக்கொள்வார். நடமாடும் டேப் ரிக்கார்டர்! பாட்டெல்லாம் கார்ட்டர் பேரில் பதிவானது. ரிடிலுக்கென்று ஒரு ஆல்பம் வந்தது எப்போது தெரியுமா? 1993-ல். அவர் இறந்து பல வருஷம் கழித்து!

ஒன்று சொல்லியாக வேண்டும். சேகரித்தவர்கள் வில்லன்கள் இல்லை. கார்ட்டர் அலையாவிட்டால் அந்தப் பாட்டுக்களே இன்றைக்கு இருக்காது. நம்ம பக்கத்தில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதி கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்ததும் அப்படிப்பட்ட உழைப்புத்தான். 2018-ல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அலைந்தவருக்கு ஒரு வரி கொடுங்க, பாடிக் கொடுத்தவருக்கும் ஒரு வரி கொடுங்க என்பதுதான் வழக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

1957 காப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினால் சிரிப்பு வருகிறது. 'இசைப் படைப்பு' என்றால் அச்சிலோ எழுத்திலோ வேறு வரைவடிவத்திலோ இருக்கணுமாம். சரிகமபதநி எழுதத் தெரியாத பாட்டி எத்தனை மெட்டுப் போட்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது காற்று! 1994-ல்தான் இந்த விளக்கத்தைத் திருத்தினார்கள். பாடுகிறவர், ஆடுகிறவர்களுக்கு 'நிகழ்த்துநர் உரிமை' என்று ஒன்று வந்ததும் அதே திருத்தத்தில்தான். 2012-ல் இன்னொரு படி: வியாபாரமாகப் பயன்படுத்தினால் நிகழ்த்தினவருக்கு ராயல்டி உண்டு, 'பாடினது நான்' என்று பேர் போடச் சொல்லும் உரிமையும் உண்டு.

ஆக, 1980-களின் காஸெட் அலை அடித்தபோது பாட்டிகளுக்கு ஒரு குடைகூட இல்லை. மொத்தமாக ஒரு தொகை, ஒரு புடவை, போகவர பஸ் சார்ஜ். காஸெட் கீழக்கரை வீடுகளில் துபாயிலிருந்து வந்த டூ-இன்-ஒன்னில் ஓடினால் என்ன, டீக்கடையில் நாள்பூரா தேய்ந்தால் என்ன, பாட்டி மறுநாள் களை எடுக்கப் போயாகணும்.

கடற்கரையில் இப்போது

காஸெட் போச்சு, சி.டி. போச்சு. இப்போது செல்போனே ரிக்கார்டிங் தியேட்டர். பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' 90.4 என்ற சமுதாய வானொலி தொடங்கியது. கரையோரக் குரல்களுக்கு ஒரு மைக் கிடைத்தது. கரைவலை இழுக்கும்போது ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் 'அம்பா' பாட்டு இந்தக் கரையின் சொத்து. கை இழுத்தால்தான் அம்பாவுக்கு வேலை. விசைப்படகும் மெஷினும் வந்தபின், அதை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயசாளிகள்.

அவர்கள் பாட, நம் பையன்கள் படம் பிடித்துப் போடுகிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். கீழே தலைப்பு என்ன? 'பாட்டியின் அசத்தல் பாட்டு!' மறுபடியும் பேரில்லாப் பாட்டி. அட்டை மாறியது, கணக்கு மாறவில்லை.

தம்பிகளா, ரொம்பச் சிரமமில்லை. ரிக்கார்ட் பட்டனை அழுத்தினதும் முதல் கேள்வி: "ஆத்தா, உங்க பேரென்ன? எந்த ஊரு? இது யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? எந்த வரி நீங்களாச் சேத்தது?" அரை நிமிஷம்தான் ஆகும். அதை வெட்டாமல் போடுங்கள். வருமானம் வந்தால் பங்கும் கொடுங்கள்.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு மனப்பாடம் பண்ண வைத்த விதி ஒன்று உண்டு: வாங்கினவர் பேரில் பற்று எழுது, கொடுத்தவர் பேரில் வரவு வை. நூறு வருஷமாகப் பாட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். எதிர்ப்பக்கத்தில் 'நாட்டுப்புறம்' என்று எழுதி வைத்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார், சார்!