பிள்ளைக்கும் மனச்சுமை உண்டு

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்னாங்க கவலை? ஊட்டினா சாப்பிடுது, தொட்டில்ல போட்டா தூங்குது!"

தோட்டப்புறத்தில் நாம் இப்படித்தான் பேசுகிறோம். சம்பளக் கணக்கு, கடைக் கடன், மழை பெய்தால் வேலை போச்சே என்ற ஏக்கம், இதெல்லாம் பெரியவர்கள் பாடு. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பது நம் எண்ணம். அது சரியல்ல, தாய்மார்களே! பிள்ளைக்கும் மனச்சுமை உண்டு. எடுத்துச் சொல்லத்தான் அதற்கு வாய் இல்லை.

நம் உடம்பில் கார்டிசோல் என்று ஒன்று சுரக்கிறது. விடியற்காலையில் கண் விழிக்கும் நேரத்தில் அது ஏறி நிற்கும். பொழுது சாயச் சாய இறங்கி, இரவில் அடங்கும். பெரட்டுக்கு எழுந்து ஓடவும் இரவில் அயர்ந்து தூங்கவும் உடம்புக்கு இந்த ஓட்டம் துணை செய்கிறது. அடி, மிரட்டல், கவனிப்பாரற்ற நிலை என்று வளரும் பிள்ளைகள் பலரிடம் இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப் போவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதைச் சீராக்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியை மேரி டோசியர் ஒரு திட்டத்தை வகுத்தார். பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒரு முறை வீட்டுக்கே வருவார். மொத்தம் 10 வாரம், ஒவ்வொரு முறையும் 1 மணி நேரம். வந்தவர் பாடம் நடத்துவதில்லை, குற்றம் கண்டுபிடிப்பதுமில்லை. பிள்ளை அழுகிறது, தாய் தூக்கி அணைக்கிறாள். "பார்த்தீங்களா, நீங்க தூக்கினதும் அழுகை அடங்கிடுச்சு" என்று அந்த இடத்திலேயே எடுத்துச் சொல்வார். அவ்வளவுதான்! குழந்தை நலத்துறையின் கவனத்துக்கு வந்த குடும்பங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். அப்பிள்ளைகளின் கார்டிசோல் ஓட்டம் வழக்கமான நிலையை நெருங்கியது. சுமார் 3 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்ததாக 2015இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

"அது பணக்கார நாடு, நமக்கு ஆகுமா?" என்று கேட்கலாம். கரும்புத் தோட்டங்களுக்குப் பேர் போன ஜமைக்காவைப் பாருங்கள். அதன் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1986, 87ஆம் ஆண்டுகளில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு வாரம் 1 கிலோ பால் மாவு கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்குச் சுகாதாரப் பணிப்பெண் வாரம் 1 மணி நேரம் சென்று, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு இரண்டும் இல்லை. விளையாட்டுச் சாமான்கள் கடையில் வாங்கியவை அல்ல. தூக்கிப் போடும் போத்தல்களைக் கொண்டு செய்தவை. 2 ஆண்டுகள் இப்படி நடந்தது.

அப்பிள்ளைகள் 17, 18 வயதை எட்டியபோது, பணிப்பெண் வந்து போன வீட்டுப் பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. பால் மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலனைக் காணோம். வயிறு நிறைந்தால் போதாது, மனமும் நிறைய வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

முன்பெல்லாம் லயத்து வீட்டில் பாட்டி இருந்தாள், ஆயாக் கொட்டகையில் ஆயா இருந்தாள், அடுத்த வீட்டு அக்கா இருந்தாள். பிள்ளை வளர்ப்பில் இளந்தாய்க்குக் கைகொடுக்க ஆள் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறிய பின், பல தாய்மார்கள் தனியாகத் தவிக்கிறார்கள். வேலைக் களைப்பில் கை ஓங்கினால் அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தாய்க்கு ஆறுதல் கிடைத்தால்தான் பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கும்.

இன்றே செய்யக் கூடியவை சில உண்டு. பிள்ளை அழுதால், "சும்மா நடிக்குது" என்று விட்டுவிடாமல் தூக்குங்கள். வேலை முடிந்து வந்ததும் கால் மணி நேரம் அது காட்டும் விளையாட்டை நீங்களும் விளையாடுங்கள். "பூச்சாண்டி வர்றான், போலீஸ்காரன் பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டாதீர்கள். அப்பாமார்களே, உங்களுக்கும்தான்! குடித்துவிட்டு வாசலில் நீங்கள் போடும் சத்தம் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையும் நடுங்க வைக்கிறது.

ஊசி போட கிளினிக் டேசாவுக்குப் போகும்போது, எடையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "பிள்ளை ராத்திரியில திடுக்குன்னு முழிச்சிக்குது மிஸ்ஸி, என்ன செய்யலாம்?" என்று வாய் திறந்து கேளுங்கள். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ தாய்மார்கள் மாதம் ஒரு முறையாவது கூடிப் பேசலாம். அனுபவம் உள்ள பாட்டிமார்கள் முன் வர வேண்டும்.

உரம் போட்டு வளர்க்கும் செம்பனைக் கன்றை நாம் மிதிப்பதில்லை. நம் வீட்டுக் கன்றுக்கும் அந்தக் கவனம் வேண்டாமா?