பாலுக்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம்?



நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பால் என்றதுமே பால்கோவாதான் ஞாபகத்துக்கு வரும். அதே பாலைத் தண்ணீரில் கலந்து செடிக்குத் தெளித்தால் சாம்பல் நோய் கட்டுப்படும் என்றால் நம்புவீர்களா?

வெண்டை, பூசணி, வெள்ளரி இலைகளில் மாவு தூவியது போலப் படருவதுதான் சாம்பல் நோய். இது பூச்சி அல்ல, பூஞ்சாணம். காற்றில் வரும் அதன் வித்துகள் இலையில் ஒட்டி முளைக்கின்றன. இலையின் மேலேயே படர்ந்து, உறிஞ்சும் உறுப்புகளை மட்டும் மேல்தோலுக்குள் அனுப்பிச் சத்தை எடுக்கின்றன. வெளியே இருப்பதால்தான் தெளிப்பது நேராக அதன்மேல் படுகிறது.

வழக்கமாக இதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடிப்பார்கள். ஆனால் வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிப்போகும். மருந்தடித்துவிட்டு நாள் கணக்கில் யார் காத்திருக்க முடியும்? எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "நாளைக்குக் காய் பறிக்கணும், இன்னிக்கு என்னத்தடா அடிக்க?" என்று அப்பா என்னைத்தான் கேட்கிறார். பதில் தேடியபோது கிடைத்தவை இவை.

பிரேசில் விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல் 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பசுமைக்குடிலில் வளர்த்த சுக்கினி என்னும் பூசணி இனச் செடிக்கு, 5 முதல் 50 சதவீதம் வரை பசும்பால் கலந்து, வாரம் ஒன்றிரண்டு முறை தெளித்தார். பாலின் அளவு கூடியபோது பூஞ்சாணக்கொல்லியையும் அது மிஞ்சியது. 10 சதவீதம் என்றால் 1 லிட்டர் பாலுக்கு 9 லிட்டர் தண்ணீர். வீட்டுப் பந்தலுக்கும் சிறு பாத்திக்கும் இது கட்டுப்படியாகும்.

பெரிய வயலுக்கு? உளுந்தின் சாம்பல் நோய்க்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். அரை கிலோ பருப்பை இடித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி 10 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். 10 நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. இவை காவல்காரன் மாதிரி. திருடன் நுழைந்த பின் பெரிதாகப் பயனில்லை. முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்ததுமே இலையின் இருபக்கமும் நனையத் தெளிக்கணும். அடிச்சாம்பல் நோய் இலைக்குள்ளேயே வளர்வது. அதற்குப் பாலை நம்பக்கூடாது. வெண்டையின் மஞ்சள் நரம்பு நோயோ வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்; அதற்கும் பால் உதவாது. எனவே நோய் எது என்று பார்த்த பிறகே தெளிப்பானைத் தோளில் மாட்டுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நண்பர்களே, முதலில் ஒரே ஒரு பாத்தியில் தெளித்து, தெளிக்காத பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் படித்த படிப்பு அப்பாவின் வயலுக்கும் கொஞ்சம் உதவட்டுமே!