உருவப்படமும் அதன் திருத்தமும்

ஒருவருடைய முகத்தைப் படம் பிடித்த பின்னர் அப்படத்தைத் திருத்துதல் தகுமோ, தகுமாயின் எவ்வளவு தகும் என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1851ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட கொலோடியன் முறையால் கண்ணாடி நெகடிவ் பெருவழக்காயிற்று. அந்நெகடிவில் பூசிய மருந்து நீல ஒளியை நன்கு பற்றும். செந்நிற ஒளியைப் பற்றாது. ஆதலின், நேரிற் காண்பார் கண்ணுக்குப் புலப்படாத இளஞ்சிவப்புப் பருவும் படத்தில் கரும்புள்ளியாய் விழுந்தது. முகத்தில் இல்லாத குற்றத்தை மருந்து உண்டாக்கிற்று. அதனை நீக்குதல் முறையே யன்றோ? 1855இல் பாரிஸ் மாநகரக் கண்காட்சியில், ம்யூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பார் ஒரே உருவத்தின் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் வைத்துக் காட்டினார். கண்டோர் வியந்தனர்.

திருத்தும் முறை எளிது, கைப்பழக்கமே அரிது. நெகடிவின்மேல் மெல்லிய வார்னிஷைத் தடவிக் கூரிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தீட்டுவர். நெகடிவில் கரி ஏறிய இடம் படத்தில் வெளுக்குமாதலால், வடுவும் சுருக்கமும் மறையும். சில புள்ளிகளோடு நிறுத்தின் முகம் தெளிவு பெறும். மிகுப்பின் கன்னம் மெழுகுப் பொம்மையின் கன்னமாகும்.

ஜூலியா மார்கரெட் காமெரான் அம்மையார் 1867இல் எடுத்த, வானநூல் வல்லார் ஸர் ஜான் ஹெர்ஷலின் படத்தை நோக்குக. எழுபத்தைந்து வயதினரான அப்பெரியாரின் நெற்றிச் சுருக்கமும் கலைந்த நரைமுடியும் அவ்வாறே நிற்கின்றன. அவற்றை அழித்திருப்பின் அம்முகத்தின் பெருமையும் உடன் அழிந்திருக்கும்.

இனி, எல்லை யாதெனின், ஒரு திங்கள் கழித்து முகத்தில் இராததை நீக்கலாம். அப்பொழுதும் இருப்பதை நீக்கலாகாது என்போம். பரு, தூசி, விளக்கு தவறாய் விழுந்ததனால் உண்டான நிழல் ஆகியன முன்னவை. மச்சம், தழும்பு, சுருக்கம், மேனி நிறம் ஆகியன பின்னவை. நம் பள்ளிச் சான்றிதழ்களில் அங்க அடையாளமாக எழுதப்படுவன மச்சமும் தழும்புமே. ஒருவரை இன்னாரென்று காட்டுவதனை அவருடைய படத்திலிருந்து துடைப்பது எங்ஙனம் பொருந்தும்?

நம் நாட்டு ஸ்டூடியோக்களில், கேளாமலே கருநிறத்தாரை வெளுக்கச் செய்யும் வழக்கம் உண்டு. இஃது உபகாரம் போலத் தோன்றினும், நின் நிறமே ஒரு குற்றம் என்று முகத்துக்கு நேரே கூறுவதனோடு ஒக்கும். இளம் உள்ளங்களில் அச்சொல் ஆழப் பதியும்.

1990இல் போட்டோஷாப் என்னும் கருவி வெளிவந்த பின், திருத்தம் எவர்க்கும் எளிதாயிற்று. இன்று கைப்பேசியே கேளாமலும் அதனைச் செய்துவிடுகிறது. உடலின் வடிவையோ தோலையோ திருத்திய விளம்பரப் படங்களில் அதனைக் குறித்தல் வேண்டுமென்று 2022 முதல் நார்வே நாடு சட்டம் செய்துள்ளது. விளம்பரத்துக்கே இத்துணை நேர்மை வேண்டுமெனின், குடும்பப் படத்துக்கு அது மிகவும் வேண்டும். பாட்டனாரை நேரிற் காணாத பேரன் அவரை அறிவது சுவரிலுள்ள படத்தினாலேயாம். அவன் காண்பது அவர் முகமாகவே இருத்தல் வேண்டுமென்பது எம் துணிபு.